பெற்றோரின் முதுமைக் கால மாதச் செலவு: அட்டை தராததை யார் தருவது?

காரைக்காலில் பெருநாள் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஒன்றுகூடும்போது இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "வாப்பாவுக்கு 70 வயது அட்டை எடுத்தாச்சு. இனி 5 லட்சம் வரைக்கும் கவலையில்லை" என்கிறார் ஒருவர். மற்றவர்களும் நிம்மதியாகத் தலையசைக்கிறார்கள். அந்த நேரத்தில் அடுப்படியில் இருக்கும் லாத்தாவுக்குத்தான் உண்மை தெரியும். காலையில் வாப்பாவைக் குளிப்பாட்டுவதற்கும், இரவில் மூன்று முறை எழுந்து கழிவறைக்குக் கூட்டிப் போவதற்கும், பகலில் மறந்துபோய் வாசலைத் தாண்டி நடந்துவிடாமல் பார்த்துக் கொள்வதற்கும் அந்த அட்டையில் ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

அட்டை நல்ல திட்டம்தான். ஆனால் முதுமையின் செலவு இரண்டு வகை. ஒன்று, எப்போதாவது வரும் மருத்துவமனைச் செலவு. மற்றொன்று, மாதந்தோறும் வரும் பராமரிப்புச் செலவு. முதலாவதற்கு இன்று ஓரளவு வழிகள் உண்டு. இரண்டாவதுதான் குடும்பங்களைக் கரைக்கிறது, சகோதரர்களுக்குள் மனக்கசப்பை உண்டாக்குகிறது. அந்த மாதச் செலவு எவ்வளவு, அதை எந்தெந்த வழியில் ஈடு செய்யலாம் என்று இங்கே பார்ப்போம்.

நம் ஊரின் நிலை

நாட்டின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடலாம். 2022 கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 10.5 விழுக்காடு. 2050க்குள் இது 20.8 விழுக்காடாகும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. 2017-18இல் மத்திய சுகாதார அமைச்சகம் சார்பில் நடந்த முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது, உண்பது, எழுந்து நடப்பது, கழிவறை செல்வது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றிலாவது சிரமம் இருப்பது தெரியவந்தது. மறதிநோய் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

காரைக்காலுக்கென்று சில தனித்தன்மைகள் உள்ளன. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிள்ளைகள் பிரான்சிலும், வளைகுடாவிலும், சிங்கப்பூர், மலேசியாவிலும் இருப்பது இங்கே இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். பணம் வெளியிலிருந்து வரும்; பெற்றோரைப் பார்த்துக் கொள்ளும் கை உள்ளூரில் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வரும் வழக்கம் உண்டு. அதனால் முதுமையில் உம்மாவும் வாப்பாவும் பெரும்பாலும் மகளோடுதான் இருக்கிறார்கள். மகன்கள் அனுப்புகிறார்கள், மகள் பார்க்கிறாள். அந்த மகளுக்கே 50, 55 வயதாகி, சர்க்கரையும் மூட்டுவலியும் வந்துவிடும்போதுதான் இந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது.

அந்த நிலையில் குடும்பத்துக்கு முன் மூன்று வழிகள். வீட்டுக்கே ஆள் வைப்பது. பெரிய நகரத்தில் உள்ள பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது. அல்லது பெற்றோரைப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு அழைத்துக் கொள்வது. மூன்றாவது வழி வளைகுடாவில் விசா, காப்பீடு, தனிமை ஆகியவற்றால் பலருக்கு முடிவதில்லை. எனவே முதல் இரண்டைப் பார்ப்போம்.

வீட்டில் ஆள் வைத்தால்

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நாம் வைத்துக் கொண்டவை. உங்கள் பகுதியில் கேட்கும் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த தந்தை. வீட்டோடு தங்கும் உதவியாளருக்கு ஏஜென்சி நாளொன்றுக்கு 900 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் 27,000. அவருடைய சாப்பாடு 3,000. பெரியவர்களுக்கான டயப்பர் நாளுக்கு மூன்று, ஒன்று 40 ரூபாய் என்றால் மாதம் 3,600. பிசியோதெரபி வாரம் மூன்று முறை, தடவைக்கு 500 வீதம் 6,000. மருந்து மாத்திரை 4,000. இரத்தப் பரிசோதனை, டாக்டர் கட்டணம், வண்டிச் செலவு 2,000. கூட்டினால் 45,600 ரூபாய்.

ஆண்டுக்கு 5,47,200. நான்கு ஆண்டுகள் நீடித்தால், விலைவாசி உயர்வைச் சேர்க்காமலேயே, 21,88,800 ரூபாய். ஒரு மகளின் திருமணத்துக்கு ஆண்டுக்கணக்கில் திட்டமிடும் நாம், அதே அளவு தொகை கேட்கும் இந்தச் செலவுக்கு ஒரு நாள் கூட உட்கார்ந்து பேசுவதில்லை.

இதில் மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. ஏஜென்சிக்கு முன்பணம், உதவியாளர் ஊருக்குப் போகும் நாட்களில் மாற்று ஆள், மருத்துவக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, கழிவறையில் பிடிமானக் கம்பி. கட்டிலையும் சக்கர நாற்காலியையும் வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். நம் ஊர்களில் ஒரு வீட்டில் பயன்படுத்தி முடிந்த கட்டில் மாடியில் தூசி படிந்து கிடக்க, அடுத்த தெருவில் ஒருவர் புதிதாக வாங்கிக் கொண்டிருப்பார்.

ஆள் வைக்கும்போது பேசித் தீர்க்க வேண்டியவை: உதவியாளரின் அடையாளச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டா, உம்மாவுக்குப் பெண் உதவியாளர்தான் வருவார் என்பது உறுதியா, உளூ செய்யவும் தொழுகைக்கு உட்காரவும் உதவுவாரா, சமையலும் வீட்டு வேலையும் அவர் பொறுப்பில் சேருமா சேராதா. அவரும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வந்தவர் என்பதை மறக்கக் கூடாது. தூங்கும் நேரமும் வார விடுப்பும் கொடுக்காத வீட்டில் எந்த உதவியாளரும் நிலைக்க மாட்டார்.

இல்லத்தில் சேர்த்தால்

முதியோர் இல்லம் என்றாலே கைவிடப்பட்டவர்கள் இருக்கும் இடம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. இப்போது சென்னை, கோவை போன்ற நகரங்களில் வேறு வகை இடங்கள் வந்துவிட்டன. தனி அறை, உணவு, அன்றாட வேலைகளுக்கு உதவியாள், நர்ஸ், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் ஆகியவற்றோடு மாதக் கட்டணம் வாங்குபவை. இவற்றை 'அசிஸ்டட் லிவிங்' என்கிறார்கள். தானாக நடமாடும் மூத்தோர் தனி வீடு வாங்கிக் குடியிருக்கும் வளாகங்கள் வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. வீடு வாங்கிய வளாகத்தில் படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக் கொள்வார்கள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

இந்த இல்லங்களின் விளம்பரத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் அடிப்படைக் கட்டணம்தான். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, தனி உதவியாள், மருத்துவமனைக்குப் போகும் செலவு எல்லாம் மேலே சேரும். உடல்நிலை மோசமாகும்போது 'பராமரிப்பு நிலை' உயர்ந்துவிட்டது என்று கட்டணமும் உயரும். அதனால் சேர்ப்பதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

முன்வைப்புத் தொகை எவ்வளவு, இறப்பு நேர்ந்தால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு கட்டணம் உயரும்? மறதிநோய் முற்றினால் வைத்துக் கொள்வார்களா, வெளியேற்றுவார்களா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை உதவியாளர்? உணவு ஹலாலானதா, நோன்பு காலத்தில் சஹருக்கு ஏற்பாடு உண்டா, பெண்களுக்கு முழுக்கப் பெண் உதவியாளர்கள்தானா? மவ்த் நேர்ந்தால் தாமதமின்றி உடலை ஒப்படைப்பார்களா?

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சாய்தளம், பிடிமானம், மருத்துவ வசதி, ஒப்பந்த விவரங்கள் பற்றி அதில் சொல்லப்பட்டிருக்கிறது. வழிகாட்டுதல் என்பதால் கட்டாயம் குறைவு. எனவே கேள்வி கேட்கும் பொறுப்பு நம் மீதுதான் விழுகிறது.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று பலர் தயங்குகிறார்கள். திருக்குர்ஆனின் 17ஆவது அத்தியாயம் 23, 24 வசனங்கள் முதுமையை அடைந்த பெற்றோரிடம் சலிப்பின் சொல்லைக் கூடச் சொல்லக் கூடாது என்று கட்டளையிடுகின்றன. அங்கே சொல்லப்படும் பணிவும் கனிவும் எந்தச் சுவருக்குள் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டில் வைத்துக் கொண்டே நாள் முழுக்கச் சிடுசிடுப்பதும் உண்டு; இல்லத்தில் வைத்து வாரம் தவறாமல் போய் அருகில் உட்கார்வதும் உண்டு. வெளியே அனுப்பிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. முடிவெடுப்பதற்கு முன் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்பது முதல் மரியாதை.

அரசு தருவது என்ன, தராதது என்ன

70 வயதைக் கடந்தவர்களுக்கான ஆயுஷ்மான் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11இல் ஒப்புதல் தந்தது. அக்டோபர் 29இல் நடைமுறைக்கு வந்தது. வருமான வரம்பு கிடையாது. ஒரே குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும் 70ஐக் கடந்திருந்தால் 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்து கொள்ள வேண்டும். ஆதார் அட்டையில் உள்ள வயதுதான் கணக்கு என்பதால், நம் பெரியவர்களில் பலருக்கு ஆதாரில் தவறாக ஏறியிருக்கும் பிறந்த ஆண்டை முதலில் சரி செய்யுங்கள். இந்தக் காப்பு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வதற்கானது. வீட்டு உதவியாளருக்கோ, இல்லக் கட்டணத்துக்கோ பயன்படாது.

தனியார் மருத்துவக் காப்பீட்டிலும் மாற்றங்கள் வந்துள்ளன. புதிதாகப் பாலிசி எடுக்க 65 வயது என்றிருந்த வரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் நீக்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டாகக் குறைந்தது. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. காப்பீடு கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதுவும் பெரும்பாலும் மருத்துவமனைச் செலவுக்கே என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கான தேசிய ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். புதுச்சேரி அரசு தன் நிதியைச் சேர்த்துக் கூடுதலாக வழங்குகிறது. நாம் மேலே போட்ட 45,600 கணக்கின் அருகில் இதை வைத்துப் பார்த்தால் ஏழை வீடுகளின் நிலை புரியும். வருமானம் குறைந்த மூத்தோருக்குச் சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண்ணாடி, பல்செட் போன்றவற்றை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் உண்டு. முகாம் நடக்கும்போது விண்ணப்பிக்க ஜமாஅத் உதவலாம். சென்னை கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரி முதல் இயங்குகிறது. பல நோய்கள் ஒன்றாகச் சேர்ந்து, பத்துப் பதினைந்து மாத்திரைகள் சாப்பிடும் பெரியவரை ஒருமுறை முதியோர் நல மருத்துவரிடம் காட்டினால் மாத்திரையும் குறையலாம், செலவும் குறையலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

பிரான்ஸ் தொடர்புள்ள குடும்பங்களுக்கு

காரைக்காலுக்கே உரிய விஷயம் இது. பிரான்சில் வரி கட்டும் பிள்ளை, வசதியற்ற தன் பெற்றோருக்கு அனுப்பும் பராமரிப்புத் தொகையைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக் காட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 205ஆவது பிரிவு, தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பதைப் பிள்ளைகளின் கடமையாகவே வைத்திருக்கிறது. பெற்றோர் வேறு நாட்டில் இருந்தாலும் இந்தக் கழிவைக் கேட்கலாம். ஆனால் பெற்றோரின் தேவைக்கும், பணம் போய்ச் சேர்ந்ததற்கும் ஆதாரம் வேண்டும். ஆள் மூலமாகக் கையில் கொடுத்தனுப்பும் பணத்துக்கு ஆதாரம் கிடையாது. வங்கி வழியாக, பெற்றோரின் பெயருக்கே, மாதாமாதம் அனுப்பினால் சட்டத்துக்கும் நல்லது, சகோதரர்களுக்கிடையே கணக்குக்கும் நல்லது. பிள்ளை அனுப்பும் பணத்துக்கு இங்கே பெற்றோர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் மறைந்தால், மனைவிக்குரிய பங்கு தானாக வந்துவிடாது. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். திருமணப் பதிவு, பெயர் எழுத்து வித்தியாசம், பிறந்த தேதி ஆகியவற்றைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரி செய்து வையுங்கள். உயிர்ச்சான்று அனுப்பத் தவறி ஓய்வூதியம் நின்றுபோகாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

வீடும் சொத்தும்

மாதச் செலவுக்கு நம் பெரியவர்களிடம் இருக்கும் பெரிய ஆதாரம் வீடும் மனையும்தான். இங்கேதான் பெரிய தவறும் நடக்கிறது. பாசத்தில் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்குக் கை நீட்டும் நிலைக்கு வருகிறார்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆவது பிரிவின்படி, பார்த்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக் கொள்ளத் தவறினால் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 2ஆம் தேதி ஊர்மிளா தீட்சித் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், சொத்தின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் வழக்கு என்பது கடைசி வழி. ஹிபாவில் நிபந்தனை சேர்ப்பது பற்றி மார்க்கச் சட்டத்திலும் நுட்பங்கள் உண்டு. ஆலிமையும் வழக்கறிஞரையும் கலந்து கொள்ளாமல் கையெழுத்துப் போட வேண்டாம். குடியிருக்கும் வீட்டைக் கடைசி வரை தன் பெயரிலேயே வைத்திருப்பதில் தவறே இல்லை.

இதே சட்டத்தில் பெற்றோர் மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு, கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். அந்த வரம்பை நீக்க 2019இல் கொண்டு வரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமல் காலாவதியானது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவிலும் பெற்றோர் பராமரிப்புக் கேட்கலாம். மகளும் இதற்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது.

வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' 2007 முதல் உண்டு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் உண்டு. இரண்டும் வட்டியை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் நம்மவர்கள் விலகி நிற்கிறார்கள். வட்டியில்லாமல் செய்யக் கூடியவை: மாடியையோ முன்பக்கத்தையோ வாடகைக்கு விட்டு அந்த வாடகையைப் பெற்றோர் பெயரிலேயே சேர்ப்பது, பயன்படாத மனையை விற்றுப் பராமரிப்புக்கென்று ஒதுக்குவது, வசதியுள்ள பிள்ளை சொத்தின் ஒரு பகுதியை நியாயமான சந்தை விலைக்கு வாங்கி, அந்தப் பணத்தில் பெற்றோரின் செலவு நடப்பது. 10, 15 ஆண்டுகள் கழித்து வரப்போகும் தங்கள் முதுமைக்காக இப்போது சேமிப்பவர்கள் ஷரீஅத் விதிகளைப் பின்பற்றும் பங்கு நிதிகளைப் பரிசீலிக்கலாம். ஏற்ற இறக்கம் உள்ளவை என்பதால், அடுத்த ஆண்டு தேவைப்படும் பணத்தை அதில் போடக் கூடாது.

மறதிநோயின் தொடக்கம் தெரிந்தால் இன்னொன்றை உடனே செய்யுங்கள். பெற்றோர் கொடுத்த பவர் பத்திரம், அவர்கள் சுயநினைவோடு முடிவெடுக்கும் நிலையை இழந்தபின் செல்லாது. கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாத நிலை வரும். தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குங்கள், நியமனதாரரைப் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்குள் கணக்கு

வசதியற்ற பெற்றோருக்குச் செலவு செய்வது, வசதியுள்ள பிள்ளைகள் மீது கடமை. அது தர்மமாகச் செய்யும் உபகாரமல்ல என்பதால்தான், அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஜகாத் பணத்தைக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள் உலமாக்கள். "இந்த வருஷ ஜகாத்தை உம்மாவின் ஆள் சம்பளத்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். பெரிய காக்கா பாரிசில், அடுத்தவர் துபாயில், இளையவர் சென்னையில், மகள் காரைக்காலில் பெற்றோரோடு. மாதச் செலவு 45,600. கடை வாடகை 8,000 வருகிறது. மீதி 37,600. மூவரும் சமமாகப் பிரித்தால் இளையவருக்குத் தாங்காது. வருமானத்துக்கேற்ப 18,000, 12,000, 7,600 என்று பிரித்துக் கொள்கிறார்கள். கணக்கு முடிந்துவிட்டதா? மகளின் பங்கு எங்கே?

மகள் தருவது நேரம், தூக்கம், உடம்பு. வெளியே வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம். மருமகள் பார்த்துக் கொள்ளும் வீடுகளில் நிலை இன்னும் கடினம். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மார்க்கச் சட்டப்படி மருமகள் மீது கடமையில்லை என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. அவள் செய்வது அவளுடைய நற்குணம். அதை உரிமையாக எண்ணிக் கேட்டு வாங்குவதும், பணம் அனுப்பிவிட்டோம் என்று போனில் அதிகாரம் செய்வதும் அநியாயம்.

நாளை வாரிசுப் பங்கு பிரிக்கும்போது, பத்தாண்டுகள் பார்த்த மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான். வாரிசுக்கு வஸிய்யத் எழுதிக் கூடுதலாகக் கொடுக்கவும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். எனவே அவளுக்குச் செய்ய வேண்டியதைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். மாதம் ஒரு தொகையைச் சகோதரர்கள் அவள் கையில் கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒரு மாதமாவது மற்றவர்கள் மாறி மாறி வந்து இருந்து அவளை விடுவிக்கட்டும். உம்ரா போகவோ, தன் பிள்ளையின் பிரசவத்தைப் பார்க்கவோ அவளுக்கும் நேரம் வேண்டாமா?

செலவு செய்யும் பிள்ளை அதைக் கடனாகத் தருகிறாரா, அன்பளிப்பாகத் தருகிறாரா என்பதையும் அன்றே தெளிவாக்கி எழுதி வையுங்கள். கடன் என்றால் வாரிசுப் பங்குக்கு முன் சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டும். அன்பளிப்பு என்றால் பின்னால் பேச்சு வரக் கூடாது. ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள் தொடங்கும் சண்டைகளில் பல, எழுதி வைக்காத இந்த ஒரு வரியால் வந்தவை.

ஜமாஅத் என்ன செய்யலாம்

பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளை இருந்தும் வசதி இல்லாதவர்கள், துணையை இழந்த பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 45,600 கணக்கைப் பேசுவதே கேலியாகிவிடும். இவர்களுக்காகச் சமுதாயம் செய்யக் கூடியவை பெரிய கட்டடம் இல்லாமலேயே தொடங்கக் கூடியவை.

ஒன்று, கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி போன்றவற்றின் பொது இருப்பு. வீடுகளில் சும்மா கிடப்பவற்றைப் பள்ளிவாசல் வழியாகச் சேகரித்துச் சுழற்சியில் கொடுக்கலாம். இரண்டு, பைத்துல்மால் நிதியிலிருந்து ஏழை முதியோருக்கு டயப்பர், மருந்து மாத உதவி; இவர்கள் ஜகாத் பெறத் தகுதியானவர்கள். மூன்று, வேலை தேடும் நம் பெண்களுக்கு முதியோர் பராமரிப்புப் பயிற்சி. உம்மாவுக்குப் பெண் உதவியாளர் கிடைக்கும், ஒரு வீட்டுக்கு வருமானமும் கிடைக்கும். நான்கு, பகல்நேர மையம். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை முதியோர் கூடி இருக்க, மதிய உணவோடு ஓர் இடம். வக்ஃபு சொத்துகளின் வருமானத்தை இதற்கு ஒதுக்க முடியுமா என்று நிர்வாகத்தினர் ஆராயலாம். வீட்டில் பார்த்துக் கொள்ளும் பெண்ணுக்கு அந்த ஏழு மணி நேரம் மூச்சு விடும் நேரம்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் அடுத்த விடுமுறையில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்குங்கள். பெற்றோரையும் உட்கார வையுங்கள். அவர்களின் வருமானம், மாதச் செலவு, யார் எவ்வளவு, யார் எப்போது வந்து இருப்பது, வீடு யார் பெயரில், அவர்களின் விருப்பம் என்ன என்பதை ஒரே தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். இப்படிப் பேசுவது பெற்றோரைச் சுமையாக நினைப்பதாகாது. பேசாமல் விட்ட வீடுகளில்தான் அவர்கள் தங்களைச் சுமையாக உணர்கிறார்கள்.

நம்மைச் சுமந்தவர்களைச் சுமக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களுக்கு அதை மனக்கசப்பின்றி நிறைவேற்றும் மனதையும் வசதியையும் வல்ல இறைவன் தருவானாக.